அறக்கட்டளை

செல்வத்தை ஈட்டுதல் அரிது. ஈட்டிய செல்வம், தாம் கருதிய பணிக்கே என்றும் பயன்படுமாறு காத்தல் அதனினும் அரிது. அக்காவலுக்குச் சட்டம் வகுத்துள்ள வழியே அறக்கட்டளை ஆகும்.

திருப்பெரும்புதூரை அடுத்த தண்டலத்தில் ஒருவர்க்கு நிலம் உண்டு எனக் கொள்வோம். தொழிற்சாலைகள் பெருகியமையால் அந்நிலத்தின் விலை உயர்ந்துவிட்டது. அவர் மகளோ சிறுமி. தமக்குப் பின் அவள் பங்கைப் பிறர் கவர்ந்துகொள்வரோ என அவர் அஞ்சுகிறார். ஆதலின் நிலத்தை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் ஒப்படைத்து, அதன் வருவாய் மகளின் கல்விக்கே ஆகுக எனப் பத்திரம் எழுதிப் பதிவு செய்கிறார். ஒப்படைப்பவர் நிறுவுநர், ஏற்பவர் அறங்காவலர், பயன் பெறும் மகள் பயனாளி. நிலம் அறங்காவலர் பெயரில் இருப்பினும் பயன் அவருக்கு உரியதன்று. அவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். தம் ஆதாயத்திற்கு அதனைப் பயன்படுத்துதல் கூடாது. இத்தகைய தனியார் அறக்கட்டளைகளுக்கு 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம் நெறி வகுக்கிறது.

ஒரு குடும்பத்தைக் காக்கும் இம்முறை ஊரையும் காக்கும். பச்சையப்ப முதலியார் வறிய குடும்பத்திற் பிறந்து, துபாசியாகப் பணிபுரிந்து பெரும்பொருள் ஈட்டியவர். அதனை ஆலய வழிபாட்டிற்கும் பிற அறங்களுக்கும் உரிமையாக்கி, 1794-ஆம் ஆண்டில் விருப்ப ஆவணம் எழுதினார், அவ்வாண்டிலேயே மறைந்தார். ஆனால் அப்பொருள் நெடுங்காலம் வழக்கிற் சிக்கிக் கிடந்தது. எழுதிவைத்த ஏடு மட்டும் அறத்தைக் காத்துவிடவில்லை.

சென்னையில் அரசு தலைமை வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் முதலியோர் அதனை மீட்க உழைத்தனர். உச்ச நீதிமன்றம் ஆலய அறங்களுக்கு ஒரு தொகையை ஒதுக்கி, எஞ்சியதைக் கல்விக்கு ஆக்கியது. பொருளை ஆள அறங்காவலர் குழு அமைந்தது. 1842-ஆம் ஆண்டில் சென்னையில் பள்ளி திறக்கப்பட்டது. பின்னர் அது கல்லூரியாக வளர்ந்தது. காஞ்சிபுரத்திலும் பச்சையப்பர் பெயரால் பள்ளியும் கல்லூரியும் தோன்றின. அவர் முகம் அறியாத எண்ணற்ற ஏழை மாணவர் அவர் பொருளால் கல்வி பெற்றனர்.

அறங்காவலர் இறப்பினும் அறக்கட்டளை அழிவதில்லை. வேறொருவர் அப்பொறுப்பை ஏற்பர். பொது அறத்தில் தவறு நேரின், அதில் அக்கறையுள்ள இருவர் நீதிமன்றத்தின் இசைவு பெற்று வழக்குத் தொடுக்கலாம். கொடுப்பவர் ஒருவரே ஆயினும், காப்பவர் பலராதல் வேண்டும். கணக்குக் கேட்கும் மக்கள் விழிப்புடன் இருக்கும் வரையில் அறம் நிலைபெறும்.