முரண்நகை: சொல்லும் அதன் எல்லையும்

"விளையாட்டுப் போட்டியன்று மழை பெய்தது, என்ன முரண்நகை!" என்பது போன்ற வாக்கியங்கள் மாணவர் கட்டுரைகளில் மலிந்துவருகின்றன. செய்தி நடையிலும் 'எதிர்பாராதவிதமாக' என்று எழுத வேண்டிய இடத்தில் 'முரண்நகையாக' என்னும் சொல் வந்து அமர்ந்துகொள்கிறது. போட்டி நாளில் மழை பெய்வது ஏமாற்றம், அவ்வளவே. மழைக்கு அஞ்சிப் போட்டியை ஒரு வாரம் தள்ளிவைக்க, முதலில் குறித்த நாள் நல்ல வெயிலாகவும் தள்ளிவைத்த நாள் பெருமழையாகவும் அமைந்துவிட்டால், அது முரண்நகை. எதைத் தவிர்க்க ஏற்பாடு செய்தோமோ, அந்த ஏற்பாடே அதைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

நகைமுரண் என்றும் வழங்கும் இச்சொல், இக்காலத் திறனாய்வு ஆக்கிக்கொண்ட கலைச்சொல். இதிலுள்ள 'நகை'யைக் கண்டு, சிரிப்பு வந்தால்தான் முரண்நகை என்று எண்ணிவிடக் கூடாது. சிலப்பதிகாரத்தில் கோவலன் சிலம்பை விலைமதிக்கக் கேட்பது யாரிடம்? அரசியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லனிடமே. அவன் கள்வன் என்பதை இளங்கோ நமக்கு உணர்த்திவிடுகிறார். கோவலனோ ஏதும் அறியாமல், அவன் சொற்படி காத்திருக்கிறான். அறிந்தவர் நாம், அறியாதவன் அவன் என்னும் இடைவெளியே இங்கு முரண்நகை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

இதனோடு குழப்பிக்கொள்ளப்படும் சொற்கள் சில உள. அங்கதம் என்பது குறையைச் சாடுவது. தொல்காப்பியச் செய்யுளியல் அதனைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாக்கும். முன்னது வெளிப்படையாகப் பழிக்கும். அதற்கு முரண்நகை தேவையே இல்லை. பின்னது பழியை மறைத்துக் கூறும். எள்ளல் என்பது இகழ்ந்து நகையாடுதல். மெய்ப்பாட்டியல் கூறும் நகையின் நான்கு நிலைக்களங்களுள் முதலாவது. வஞ்சப்புகழ்ச்சி, புகழ்வது போலப் பழிப்பது. கயவரைத் தேவர்க்கு ஒப்பிடும் 1073ஆம் குறளை எல்லா ஆசிரியரும் எடுத்துக்காட்டுவர்.

எனினும் வகுப்பறையில் கூடுதல் நேரம் பெறத் தக்கது புறநானூற்றின் 95ஆம் பாடல் என்பேன். அதியமானின் தூதாகச் சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். இவை பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று, காவலுடைய மனையில் இருக்கின்றன. எம் மன்னன் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறார் ஔவை. பழிச்சொல் ஒன்றுகூட இல்லை. பாடலுக்கு வகுக்கப்பட்ட துறையும் வாள்மங்கலம், அதாவது வாளை வாழ்த்துதல்! மேலோட்டமாகப் படிக்கும் மாணவன் 'தொண்டைமான் படைவளம் மிக்கவன்' என்று விடை எழுதுவான். சொற்பொருள் தெரிந்திருந்தும் பாடல் அவன் கையை விட்டு நழுவிவிடும். ஏமாற்றத்துக்கும் தற்செயலுக்கும் முரண்நகை என்று பெயரிட்டுப் பழகியவனுக்கு, மெய்யான முரண்நகை எதிரில் நின்றாலும் அடையாளம் தெரிவதில்லை.

ஆசிரியர்கள் அப்பாடலை நடத்தும்போது உரையை உடனே தராமல் ஒரு வினாவை மட்டும் கேட்டுப் பார்க்கலாம்: நெய் பூசிய வேல் பளபளப்பாக இருப்பது எதனால்?