கடையில்லா வாணிகம்

உப்பு வணிகன் உப்பைக் கொடுத்துவிட்டுக் காசைப் பெறுகிறான். கொடுத்த உப்பு மீண்டும் அவனிடம் இருப்பதில்லை. நெசவாளி ஒரு புடைவையை விற்றால், அடுத்த புடைவையைத் தறியில் ஏற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் ஒருமுறை ஆக்கிவிட்டால், ஆயிரம் பேருக்கு விற்ற பின்னும் ஆக்கியவனிடமே குறையாமல் இருக்கும் சரக்கு ஒன்று உண்டு. அதற்குக் கிடங்கு வேண்டா, வண்டி வேண்டா, கடலூர்த் துறைமுகத்தில் தோணி பிடிக்கவும் வேண்டா. சிதம்பரத்தில் ஒருவர் எழுதியதைச் சிக்காகோவில் ஒருவர் சில நொடிகளில் பெற்றுக்கொள்கிறார். மின்னூல் வடிவில் இணையத்தில் விற்கப்படும் கதைமாந்தர் விளையாட்டு நூல்களையே இங்குக் குறிப்பிடுகிறேன். அவை யாவை, எவ்வாறு விற்கப்படுகின்றன, அவ்வாணிகத்தில் இறங்க விரும்பும் இளைஞர் எதில் விழிப்பாக இருத்தல் வேண்டும் என்பனவற்றை இன்று காண்போம்.

முதலில் விளையாட்டை அறிந்துகொள்வோம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காகப் பரமபதப் படத்தை விரித்து ஆடுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். விழுந்த எண்ணுக்கு ஏற்பக் காய் நகரும். ஏணி வந்தால் ஏறும். பாம்பு வந்தால் இறங்கும். ஆடுபவருடைய கருத்துக்கு அங்கே இடமில்லை. கதைமாந்தர் விளையாட்டு அத்தகையதன்று. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராகத் தம்மைப் பாவித்துக்கொள்கின்றனர். ஒருவர் மட்டும் நடத்துநர். தெருக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு அவரை விளக்குவது எளிது. அவர் கட்டியங்காரனைப் போன்றவர். கட்டியங்காரன், வருகின்ற வேடத்தை யாரென்று வினவிக் கதையை நடத்திச் செல்கிறான் அல்லவா? அதுபோல் இந்நடத்துநர், "ஆற்றங்கரைக்கு வந்துவிட்டீர்கள், ஓடம் இல்லை, என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்பார். நீந்துவேன் என்பார் ஒருவர். தெப்பம் கட்டுவேன் என்பார் மற்றொருவர். முயற்சி பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். கூத்தின் முடிவு நமக்கு முன்பே தெரியும். இங்கோ ஆடுவோர் எடுக்கும் முடிவால் கதையே மாறும்.

இவ்வகையில் முதன்முதலாக விலைக்கு வந்த விளையாட்டு 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்பது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் அமெரிக்கர் இருவர் ஆக்கிய அதனை 1974-ஆம் ஆண்டில் விஸ்கான்சின் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வெளியிட்டனர். முதலில் அச்சிட்டவை 1,000 படிகளே. பெட்டிகளைத் தம் கையாலேயே அடுக்கினர். பெட்டிக்குள் இருந்த முதன்மையான பொருள் மூன்று சிறு நூல்கள். அதாவது, வாங்கியவர் விலை கொடுத்தது காய்க்கும் பலகைக்கும் அன்று. சொல்லுக்கும் விதிக்கும் கற்பனைக்கும் ஆகும். பிற்காலத்தில் இச்சரக்கு மின்னூலாக மாறுவதற்கு வழி அங்கேயே அமைந்துவிட்டது எனலாம்.

இணையத்தில் இந்நூல்களை விற்கத் தொடங்கிய கடைகளுள் ஆர்.பி.ஜி.நவ் 2001-ஆம் ஆண்டிலும், டிரைவ்த்ரூ ஆர்.பி.ஜி. 2004-ஆம் ஆண்டிலும் தோன்றின. 2006-இல் இரண்டும் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. டிரைவ்த்ரூ தொடக்கத்தில் மின்னூல்களுக்குப் பூட்டுப் போட்டது; யாரும் திருட்டுப் படி எடுத்துவிடலாகாது என்பது நோக்கம். ஆனால், விலை கொடுத்தவரே தம் நூலைத் திறக்கத் திண்டாடினர். எனவே பூட்டை எடுத்துவிட்டு, வாங்கியவர் பெயரைப் பக்கத்தின் அடியில் மெல்லிதாகப் பொறித்துக் கொடுக்கும் முறைக்குக் கடை மாறிற்று. ஒருவரைக் கள்வரென்று கருதிப் பூட்டுவதைவிட, அவர் பெயரை எழுதி அவரை நம்புவது நல்ல வாணிகமாயிற்று. இச்சிறு மாற்றத்தில் ஒரு பெரிய பாடம் அடங்கியுள்ளது. உருவமில்லாத சரக்கை விற்பதற்கு நம்பிக்கையே முதல்.

அந்நம்பிக்கையை எவ்வாறு ஈட்டுவது? துணிக்கடையில் புடைவையைத் தொட்டுப் பார்க்கலாம்; பழக்கடையில் ஒரு சுளையைத் தின்று பார்க்கலாம். மின்னூலை அவ்வாறு தொட முடியாது. ஆகவே சில பக்கங்களை முன்னோட்டமாகக் காட்டுதல் வேண்டும். ஒரு மாலைப்பொழுதில் ஆடிப் பார்க்கத்தக்க சுருக்கமான தொடக்க நூலை விலையின்றிக் கொடுத்தல் அதனினும் நன்று. கெல்சி டியோன் என்னும் அம்மையார் 'ஷேடோடார்க்' என்னும் விளையாட்டை வெளியிட்டபோது இவ்வழியையே கையாண்டார். தொடக்க நூலை யாவர்க்கும் இலவசமாகத் தந்து, 2023-ஆம் ஆண்டில் கிக்ஸ்டார்ட்டர் என்னும் தளத்தின் வாயிலாக முன்பணம் கேட்டார். 13,000-க்கும் மேற்பட்டோர் 13 லட்சம் டாலருக்கும் அதிகமாகத் தந்தனர். ஆடிப் பார்த்தவர்கள் பிறர்க்கு எடுத்துச் சொன்னார்கள். அதைவிடச் சிறந்த விளம்பரம் ஏது?

நூல் வெளிவருமுன் பணம் சேர்க்கும் முறை அமெரிக்கர் கண்டுபிடித்தது என்று எண்ணிவிட வேண்டா. டாக்டர் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-ஆம் ஆண்டில் பதிப்பித்தபோது, வாங்குவதாக ஒப்புக்கொண்டோரிடம் முன்கூட்டியே கையொப்பம் பெற்றுத்தான் அச்சுச் செலவுக்கு வழி தேடினார். பின்னாளில், 1924 முதல் 1927 வரை, சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக விளங்கிய அதே பெரியார்தாம் அவர். ஒரு வேறுபாட்டை இங்கே மறத்தலாகாது. அவர் கையொப்பத் தாளை நீட்டியது, ஏடுகளோடு பல்லாண்டு போராடிய பின்னரே. இன்றோ, எழுதத் தொடங்கும் முன்பே பணத்தை வாங்கிவிட்டுப் பின்னர் வாக்கைக் காக்க இயலாது தவிப்பவர் உண்டு. நூலின் பெரும்பகுதி கையில் இருக்கும்போது மட்டுமே முன்பணம் கேளுங்கள்.

இனி, நம் ஊரையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1783-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஆங்கிலேயர் கடலூரை முற்றுகையிட்டனர். உள்ளே புஸ்ஸியின் தலைமையில் பிரெஞ்சுப் படை. துணைக்கு மைசூர் வீரர்கள். ஜூன் 20-ஆம் நாள் கடலிலும் இரு நாட்டுக் கப்பல்களும் மோதின. ஆனால் ஐரோப்பாவில் சமாதானத்துக்கான முதல் உடன்படிக்கை அவ்வாண்டு ஜனவரியிலேயே கையெழுத்தாகிவிட்டது! செய்தி கடல் கடந்து இங்கு வந்து சேர்ந்தது ஜூன் இறுதியில்தான். இடையில் மடிந்தோர் எதற்காக மடிந்தனர்? செய்தியைச் சுமந்து வரும் தூதர்களாக ஆடுவோரை அமைத்து, அவர்களைக் கோட்டைக்கும் பாசறைக்கும் இடையே நிறுத்தினால் எத்தகைய விளையாட்டு உருவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

அதனை எழுதிய மாணவர் கடையில் எவ்வாறு விளம்பரம் செய்வார்? "இணையற்ற விளையாட்டு, இதுபோல் உலகில் இல்லை" என்று எழுதினால் பயனில்லை. எல்லாரும் அதையேதான் எழுதுகிறார்கள். "1783, கடலூர் முற்றுகை. போர் முடிந்துவிட்டது, அது உங்கள் மூவருக்கு மட்டுமே தெரியும். மூவர் முதல் ஐவர் ஆடலாம். மூன்று மணி நேரம் ஆகும். 24 பக்கம். ஆறு பக்கப் பகடை இரண்டு போதும்" என்று எழுதினால், வாங்குபவருக்கு வேண்டியது அனைத்தும் அதில் உள்ளது. மேலட்டைப் படம் கைப்பேசித் திரையில் கட்டைவிரல் நகம் அளவே தெரியும். தலைப்பு அவ்வளவிலும் படிக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். தமிழில் ஆக்கினால், எழுத்துரு நூலினுள்ளேயே பதிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள்; இல்லையேல் பிறர் கணிப்பொறியில் எழுத்துகள் சிதைந்து தோன்றக்கூடும். இவை யாவற்றுக்கும் முன்னதாக, உங்களை அறியாத ஐந்து பேரிடம் நூலைக் கொடுத்து, நீங்கள் வாய் திறவாமல் அவர்கள் ஆடுவதைப் பாருங்கள். அவர்கள் தயங்கும் இடமெல்லாம் நூலின் குறை.

அடுத்து, கணக்கு. நூலின் விலை 5 டாலர் என்று கொள்வோம். டிரைவ்த்ரூ கடையில் நெடுநாளாக உள்ள முறைப்படி, பிற கடைகளிலும் விற்கும் உரிமையை வைத்துக்கொண்டால் நூற்றுக்கு 65 பங்கு ஆசிரியருக்கு. அக்கடையில் மட்டுமே விற்பதாக ஒப்புக்கொண்டால் 70 பங்கு. அதாவது முறையே 3.25 டாலர், 3.50 டாலர். 2013-இல் தோன்றிய இட்ச் என்னும் தளத்தில் கடைக்குத் தரும் பங்கை ஆசிரியரே முடிவு செய்யலாம்; அவர் மாற்றாதவரை அது 10 பங்கு. 2016-இல் திறக்கப்பட்ட டி.எம்.ஸ் கில்டு என்னும் கடையிலோ டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் விளையாட்டின் உலகங்களையும் பெயர்களையும் பயன்படுத்தி எழுதலாம். ஆனால் ஆசிரியருக்குப் பாதிதான், 2.50 டாலர். அன்றியும் அந்நூலை வேறெங்கும் விற்க முடியாது. வாடிக்கையாளர் கூட்டம் அங்கே ஆயத்தமாக உள்ளது. அதற்குக் கொடுக்கும் விலை உங்கள் உரிமை. இரண்டையும் தராசில் இட்டுப் பார்த்த பின்னரே முடிவு செய்க.

உரிமை என்றேன். இவ்வாணிகத்தின் உயிர்நாடி அதுவே. விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்னும் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில், தன் விளையாட்டின் அடிப்படை விதிகளைப் பிறரும் கட்டணமின்றித் தம் நூல்களில் பயன்படுத்தி விற்கலாம் என்று பொது உரிமம் ஒன்றை அளித்தது. அதை நம்பிச் சிறு பதிப்பாளர் பலர் பிழைத்தனர். 2023 ஜனவரியில், அப்பழைய உரிமத்தை விலக்கிப் புதியதொன்றைப் புகுத்தும் வரைவு வெளியே கசிந்தது. பெரிய அளவில் விற்போரிடம் வருவாயில் பங்கு கேட்கவும் அதில் இடமிருந்தது. ஆடுவோரும் ஆக்குவோரும் ஒன்றுதிரண்டு எதிர்த்தனர். அத்திங்கள் 27-ஆம் நாள் நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதிகளைத் திரும்பப் பெற முடியாத கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வெளியிட்டது. இருபதாண்டு கட்டிய வீடு பிறர் மனையில் நிற்கிறது என்பதைச் சிறு பதிப்பாளர்கள் அன்றுதான் உணர்ந்தனர்.

நம் நாட்டுச் சட்டத்தையும் சிறிது அறிந்துகொள்ளுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, எழுதிய அளவிலேயே உரிமை எழுதியவருக்கு உண்டாகிறது; பதிவு செய்தல் கட்டாயமன்று. ஆனால் சட்டம் காப்பது கருத்தை அன்று, கருத்தை வெளிப்படுத்திய வடிவத்தை. 1978-இல் ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது. கடலூர் முற்றுகையைப் பற்றி எவரும் எழுதலாம். நீங்கள் எழுதிய சொற்களையும் வரைந்த படங்களையும் எவரும் எடுத்தாள முடியாது. அவ்வாறே, பிறர் வரைந்த படத்தை இணையத்தில் கண்டேன் என்று உங்கள் அட்டையில் ஒட்டுதலும் தகாது. உரிமையை ஒருவருக்கு மாற்றிக் கொடுப்பதாயின், அது எழுத்தில் இருத்தல் வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று குறிக்காவிடில் ஐந்தாண்டு என்றும், எவ்விடத்துக்கு என்று குறிக்காவிடில் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. 18 வயது நிரம்பாதோர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. ஆதலின் பள்ளி மாணவர்கள் பெற்றோரை முன்னிட்டே இதில் இறங்க வேண்டும். வரும் பணத்தை வருமானக் கணக்கில் காட்டுவதும் கடமை.

இதனையெல்லாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2022-ஆம் ஆண்டில் அதே விசார்ட்ஸ் நிறுவனம் 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியண்ட் சிட்டடெல்' என்னும் கதைத் தொகுப்பை வெளியிட்டது. அதன் ஆக்கத்துக்குத் தலைமை தாங்கிய இருவருள் ஒருவரான அஜித் ஜார்ஜ், ஓசூரை அடுத்த சாந்தி பவன் பள்ளியின் பணியில் ஈடுபட்டவர். கொல்கத்தாவில் பிறந்த எழுத்தாளர் மிமி மண்டலும் அதில் வங்கச் சாயல் கொண்ட கதையொன்றை எழுதினார். நம் நாட்டுக் கதைகளுக்கு உலகச் சந்தையில் இடமுண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டா. இனி எழ வேண்டிய வினா ஒன்றுதான்: பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடும், பரங்கிப்பேட்டைத் துறையும், தேவனாம்பட்டினத்துக் கோட்டையும் அச்சந்தைக்குப் போகும்போது, அவற்றை எழுதுபவர் யார்? எழுதியது யார் உடைமையாக இருக்கும்?

அதற்கு விடை உங்கள் கையில் உள்ளது. பெரிய நூலாகத் தொடங்க வேண்டா. எட்டுப் பக்கம் போதும். நன்கு அறிந்த இடத்தைப் பற்றி எழுதுங்கள். நண்பர்களுக்குக் கொடுத்துத் திருத்துங்கள். உள்ளதை உள்ளவாறு சொல்லி விற்பனைக்கு வையுங்கள். கையெழுத்திடும் முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். முதல் திங்களில் பத்துப் படிகளே விற்கலாம். அப்பத்துப் பேரும் அடுத்த நூலைக் கேட்பார்களாயின், உங்கள் வாணிகம் வேர் கொண்டுவிட்டது என்று அறிக.