‘எங்கே’ என்றால் பெட்டை

மூன்று ஜோடி என்று சொல்லித்தான் விற்றார். இரண்டிரண்டாகக் காலைச் சேர்த்துச் சணலில் கட்டி, “இது சாவல், இது பொட்டைங்க” என்று தொட்டுத் தொட்டுக் காட்டினார். இரண்டு மாதக் கின்னிக்கோழிக் குஞ்சுகள். என் கண்ணுக்கு ஆறும் ஒரே அச்சு. எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று சந்தை நடுவே நின்று கேட்கக் கூச்சம். விவரம் தெரிந்தவன் மாதிரித் தலையாட்டி, ஜோடி விலை கொடுத்து, காங்கேயம் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து விட்டேன்.

அது ஆடி மாதம். மறு சித்திரையும் முடிந்துவிட்டது, ஒரு முட்டையைக்கூடக் கண்ணில் காணவில்லை. சத்தத்துக்கு மட்டும் குறைவே இல்லை. பாம்பு வந்தால் கத்தும், பருந்து நிழல் விழுந்தால் கத்தும், பால்காரர் வந்தாலும் கத்தும். நாட்டுச் சேவலைத் தோட்டம் பூராவும் ஓட ஓட விரட்டின.

பக்கத்துத் தோட்டத்து ஆத்தாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். கண்ணில் புரை விழுந்து பார்வை மங்கிப்போனவர். ஒருநாள் சாயங்காலம் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவர், உலக்கையை நிறுத்தினார். “ஏங்கண்ணு, மூணு சோடின்னா சொல்லிக் குடுத்தான்? எனக்கென்னமோ ஒரே ஒரு பொட்டை கத்தறதுதான் கேக்குது.”

ஆறு கோழியும் இருந்தது முப்பது அடி தள்ளி வேப்பமரத்தில். ஆத்தா அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“பொட்டை ‘எங்கே, எங்கே’ன்னு கேக்கும் கண்ணு. சாவலுக்கு அந்தப் பேச்சு வராது.”

கின்னிக்கோழி விஷயத்தில் இதைவிடச் சுருக்கமான பாடத்தை நான் எங்கும் படித்ததில்லை. பெட்டையின் கூப்பாட்டில் இரண்டு அசை. முதல் அசை தணிவாக வரும், இரண்டாவது மேலே எகிறும். ஒவ்வொரு ஊர்க் காதும் அதற்கு ஒரு வார்த்தை வைத்திருக்கிறது. இங்கிலீஷ்காரர்களுக்கு அது ‘கம் பேக்’. அமெரிக்கப் பண்ணைக்காரர்களுக்கு ‘பக்வீட்’ என்ற தானியத்தின் பெயர். பிரேசிலில் இந்தக் கோழி ‘தோ ஃப்ராக்கு, தோ ஃப்ராக்கு’ என்று, அதாவது ‘தெம்பில்லை, தெம்பில்லை’ என்று புலம்புவதாகக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். இத்தனையிலும் எனக்கு ஆத்தாவின் ‘எங்கே’தான் பிடித்திருக்கிறது. காரணம், அர்த்தமும் பொருந்துகிறது. கூட்டத்தை விட்டுப் பிரிந்த பெட்டை, மற்றவை எந்தப் பக்கம் இருக்கின்றன என்று தேடும்போதுதான் அந்தக் குரலை ஓயாமல் எடுக்கிறது.

சேவலுக்கு ஓர் அசைதான். ‘ச்செக், ச்செக், ச்செக்’ என்று, பழைய தையல் மிஷின் ஓடுகிற மாதிரி. இங்கேதான் பலபேர் ஏமாறுகிறார்கள். பயந்துபோனால் பெட்டையும் அதே தையல் மிஷினை ஓட்டும். ஆகவே ஓர் அசையில் கத்தியது என்பதற்காக ஒன்றைச் சேவல் என்று முடிவு கட்டக்கூடாது. இரண்டு அசையில் ஒரே ஒரு தடவை கூப்பிட்டாலும் போதும், அது பெட்டை, மறுபேச்சே இல்லை. சேவல் என்ற தீர்ப்புக்கோ பல நாள் காத்திருந்து, அந்தக் குரல் வரவேயில்லை என்று பார்த்த பிறகுதான் வரவேண்டும்.

குஞ்சு பொரித்த ஆறு, எட்டு வாரத்தில் சில பெட்டைகள் இரண்டு அசையில் பேசத் தொடங்கிவிடும். சில வாயே திறக்காமல் மாதக்கணக்கில் இருக்கும். அப்படிப்பட்ட ஊமைச்சியைப் பேசவைக்க ஒரு வழி உண்டு. ஒன்றை மட்டும் பிடித்துப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிட்டு, மற்றவற்றைச் சற்றுத் தள்ளி, சத்தம் மட்டும் கேட்கும் தூரத்தில் மேயவிடுங்கள். முதலில் ஆத்திரத்தில் தையல் மிஷின் ஓடும். அது அடங்கட்டும். கொஞ்ச நேரத்தில் தனிமை உறைக்க, கூட்டத்தைக் கூப்பிடத் தொடங்கும். நான் செல்போனில் பதிவு போட்டு அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுவேன். ஆள் பக்கத்தில் நின்றால் எச்சரிக்கைக் குரல்தான் வரும், வேறொன்றும் வராது. குரல் கேட்டதும் காலில் ஒரு கேபிள் டை மாட்டிவிட வேண்டும். சிவப்பு பெட்டை, மஞ்சள் இன்னும் தீர்ப்பு வராதது. இதைச் செய்யாவிட்டால் பஞ்சாரத்தைத் தூக்கிய அடுத்த நொடி, கூட்டத்தில் எது எது என்று நமக்கே தெரியாது.

கண்ணால் பார்க்கவே முடியாதா என்றால், முடியும், பொறுமை வேண்டும். அலகின் இரு பக்கமும் தொங்குகிற தாடியைப் பார்க்க வேண்டும். மூன்று, நான்கு மாதத்துக்கு மேல் சேவலின் தாடி பெரிதாகி, தடித்து, ஓரம் மடிந்து கிண்ணம்போலக் குழிந்துகொள்ளும். (நம் ஊரில் பலர் ‘கிண்ணிக்கோழி’ என்றே சொல்வதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கினி என்ற ஆப்பிரிக்கக் கரையின் பெயர்தான் அப்படித் திரிந்திருக்கிறது. ஆனாலும் ஞாபகம் வைத்துக்கொள்ள வசதி.) பெட்டையின் தாடி சிறியது, மெல்லியது, மடியாமல் தட்டையாகக் கிடக்கும். தலைமேல் உள்ள கொம்புமுடியும் சேவலுக்குச் சற்றுப் பெரிது. ஆனால் ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் இந்தக் கணக்கு சரிவரும். மூன்று வயதுப் பெட்டையின் தாடி, ஐந்து மாதச் சேவலின் தாடியைத் தோற்கடித்துவிடும்.

நடையிலும் ஒரு துப்பு கிடைக்கும். சேவல் முதுகைக் கூனி, இறக்கையைத் தூக்கிப் பிடித்து, நுனிக்காலில் நாட்டியக்காரன் மாதிரி ஓடிவந்து இன்னொன்றை மிரட்டும். முட்டையிடும் பருவத்துப் பெட்டையைப் பிடித்துப் பின்பக்கத்து இடுப்பெலும்புகளுக்கு நடுவே விரல் வைத்துப் பார்த்தால் இரண்டு விரல், சிலவற்றில் மூன்று விரல்கூட இடம் இருக்கும். சேவலுக்கு எலும்பு நெருக்கமாக இருக்கும். நாட்டுக்கோழியில் பழகிய கைக்கு இது எளிது. இறகின் வேரிலிருந்து மரபணுச் சோதனையும் செய்யலாம். கிளி வளர்ப்பவர்கள் செய்கிறார்கள். கின்னிக்கோழிக்கு அந்தச் செலவு எனக்கு அநியாயமாகப் படுகிறது.

நிறம் ஒன்றுக்கும் உதவாது. உத்தரப் பிரதேசத்தின் இஸ்ஸத்நகரில் உள்ள மத்தியப் பறவையின ஆராய்ச்சி நிலையம் காதம்பரி, சித்தாம்பரி, ஸ்வேதாம்பரி என்று மூன்று ரகங்களை உருவாக்கியிருக்கிறது. முதலாவது முத்துப் புள்ளி போட்ட கருஞ்சாம்பல், அடுத்தது வெளிர் நீலச் சாம்பல், கடைசி வெள்ளை. பெயரில்தான் பெண்மை வழிகிறது. எந்த ரகத்தை எடுத்தாலும் சேவலுக்கும் பெட்டைக்கும் ஒரே சேலைதான்.

நாட்டுச் சேவல் ஒரு மைல் தூரத்திலிருந்தே ‘நான் சேவல்’ என்று விளம்பரம் செய்கிறது. மயிலைக் கேட்கவே வேண்டாம். இதற்கு மட்டும் ஏன் இந்த ஒற்றுமை? பல பெட்டைகளைக் கவரப் போட்டி போடுகிற இனங்களில்தான் ஆணுக்கு அலங்காரம் மிஞ்சுகிறது. ஆப்பிரிக்கப் புல்வெளியில் கின்னிக்கோழி வருடத்தின் பெரும்பகுதி கூட்டமாகத் திரிந்துவிட்டு, இனப்பெருக்கக் காலத்தில் ஜோடி ஜோடியாகப் பிரிகிறது. குஞ்சுகளைக் காப்பதிலும் சேவலுக்குப் பங்குண்டு. குடும்பஸ்தனுக்குத் தோகை எதற்கு?

ஆள் மாறாட்டம் இந்தப் பறவையின் ஜாதகத்திலேயே இருக்கிறது. துருக்கி வணிகர்கள் வழியாக இங்கிலாந்து போனதால் முதலில் ‘டர்க்கி’ என்ற பெயர் இதற்குத்தான் இருந்தது. பிறகு அமெரிக்காவிலிருந்து வந்த வான்கோழி அதைத் தட்டிப் பறித்துக்கொண்டது. கிரேக்கக் கதையில் மெலியாகர் என்ற வீரன் இறந்தபோது அழுத அவன் சகோதரிகள் கின்னிக்கோழிகளாக மாறினார்கள். உடம்பில் உள்ள வெள்ளைப் புள்ளிகள் அவர்கள் கண்ணீர். அந்த மெலியாகரின் பெயரும் விஞ்ஞானப் பெயரிடலில் வான்கோழிப் பேரினத்துக்குப் போய்விட்டது. கின்னிக்கோழிக்கு மிஞ்சியது, ‘நுமிடா மெலியாக்ரிஸ்’ என்ற பெயரின் வால் மட்டும்.

என் ஆறுக்கு வருகிறேன். ஆத்தா சொன்ன மறுநாளே பஞ்சாரப் பரீட்சையைத் தொடங்கினேன். ஒரு வாரம். ஐந்தில் ஒன்றுகூட ‘எங்கே’ என்று கேட்கவில்லை. ஆறாவது, பஞ்சாரத்தில் விட்ட கால் மணி நேரத்துக்குள் கேட்டது. ஐந்து சேவல், ஒரு பெட்டை. நான்கைந்து பெட்டைக்கு ஒரு சேவல் என்பது பண்ணைக் கணக்கு. என் தோட்டத்தில் அதைத் தலைகீழாக நிறுத்தியிருந்தேன். நாட்டுச் சேவல் உதை வாங்கியதன் காரணம் இப்போதுதான் புரிந்தது.

அப்படியானால் அந்த ஒரு பெட்டையின் முட்டை எங்கே? அதையும் ஆத்தாதான் கேட்டார். கின்னிக்கோழி கூட்டில் முட்டை போடாது, புதருக்குள் ஒளித்துவைக்கும். இரண்டு நாள் அதன் பின்னாலேயே திரிந்தேன். மூன்றாம் நாள் கொரங்காட்டு, அதாவது மேய்ச்சல் நிலத்து, கிளுவை வேலியின் அடியில், கொழுக்கட்டைப் புல்லை விலக்கிப் பார்த்தால், மண்ணில் ஒரு சின்னக் குழி. இருபத்து மூன்று முட்டை. நாட்டுக்கோழி முட்டையைவிடச் சிறியவை, ஒரு முனை கூர்ந்து, வெளிர்பழுப்பில் பொடிப்பொடியாகப் புள்ளி தெளித்தவை. ஓடு அத்தனை கெட்டி, ஒன்றைக் கைதவறிப் புல்லில் போட்டேன், உடையவில்லை. வாளித் தண்ணீரில் இட்டதும் பதினேழு மிதந்தன. மீதி ஆறை அடைக்கோழிக்கு வைத்தோம். நாட்டுக்கோழிக் குஞ்சு இருபத்தோரு நாளில் வரும். இதற்கு இருபத்தாறிலிருந்து இருபத்தெட்டு. நாலு குஞ்சு வந்தது.

விற்றவர்மேல் எனக்குக் கோபமில்லை. இரண்டு மாதக் குஞ்சின் முகத்தைப் பார்த்து ஜோடி சேர்க்க அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆத்தாவாலும் காதை வைத்துத்தான் முடிந்தது. வாங்குகிறவர்கள் ஒரே பொரிப்பில் வந்த எட்டோ பத்தோ மொத்தமாக வாங்குங்கள். நான்கு மாதம் வளர்த்து, காது கொடுத்துக் கேட்டு, காலில் வளையம் மாட்டுங்கள். அதிகப்படியான சேவல்களைப் பிறகு விற்றுக்கொள்ளலாம். சந்தையில் யாராவது குஞ்சைத் தூக்கிக் காட்டி ‘இது பெட்டைங்க’ என்றால், அது வாய்திறந்து ‘எங்கே’ என்று கேட்கும்வரை ஜோடி விலைக்குக் காசை எடுக்காதீர்கள்.