தோற்றத்தில் மட்டும் ‘மவுண்டன் பைக்’

பள்ளி விடுமுறை நெருங்கினால் பேரங்காடிகளில் ‘மவுண்டன் பைக்’ வரிசைகட்டி நிற்கும். தடித்த டயர், முன்னும் பின்னும் ஸ்பிரிங், 21 கியர். விலையோ சைக்கிள் கடையில் கேட்பதைவிட மிகக் குறைவு. பிள்ளை ஆசைப்படுகிறான், வாங்கித் தந்துவிடுகிறோம்.

அதில் ஒட்டியிருக்கும் சிறிய ஸ்டிக்கரை எத்தனை பேர் படித்தோம்? கரடுமுரடான பாதையில் ஓட்டக்கூடாது என்று சிலவற்றில் எச்சரிக்கையே இருக்கும். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓட்டத்தானே வாங்கினோம்!

மலிவான ஸ்பிரிங் துள்ளுமே தவிர, குலுக்கலை அடக்காது, எடையைத்தான் கூட்டும். இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் வழுக்கும்.

இவற்றைவிட ஆபத்து, சைக்கிளைப் பூட்டும் விதம். பாதி கழற்றிய நிலையில் பெட்டியில் வரும் சைக்கிளைப் பூட்டுபவர், சற்றுமுன்வரை பால்மாவு அடுக்கிக்கொண்டிருந்த ஊழியராக இருக்கலாம். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை முன்பின்னாக மாற்றிப் பூட்டி விற்பனைக்கு வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். கண்டுபிடிப்பது எளிது. ரிம்மைப் பிடிக்கும் முன் பிரேக், ஃபோர்க்குக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால், ஓட்டுபவரின் காலைப் பார்த்தபடி இருந்தால் அந்தச் சைக்கிளைத் தொடாதீர்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? சைக்கிள் கடையில் கொடுத்து பிரேக், ஹேண்டல், சக்கர நட்டுகளைச் சரிபார்த்த பிறகே பிள்ளையிடம் கொடுங்கள். ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். பழுதான பொருளைக் கடை மாற்றித் தர மறுத்தால், 5 ரிங்கிட் கட்டிப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை.