பெயர் சொல்ல மறையும் நீர்க்குதிரை: பரோயே தீவின் ஏரி வழக்காறு

வட அட்லாண்டிக் பெருங்கடலில், ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே அமைந்த பரோயே தீவுகள் 18 ஆகும். அவற்றுள் ஒன்றான வாகர் தீவில் உள்ள நன்னீர் ஏரியே அந்நாட்டின் மிகப்பெரிய ஏரி. அதன் பரப்பு சுமார் 3.4 சதுர கிலோமீட்டர். தென்முனையில் அதன் நீர் அருவியாகி நேரே கடலில் விழுகின்றது.

இவ்வேரிக்குப் பெயர் ஒன்றன்று. மேற்கிலுள்ள சோர்வாகூர் ஊரார் தம் ஊர்ப்பெயரால் 'சோர்வாக்ஸ்வத்ன்' என்பர். கிழக்கிலுள்ளோர் 'லெய்டிஸ்வத்ன்' என்பர். பூசலைத் தவிர்க்க விரும்புவோர் 'ஏரி' என்று மட்டும் கூறி அமைவர். தென்கரைச் செங்குத்துப் பாறையின் பெயர் 'அடிமைகளின் முகடு' எனப் பொருள்படும். வேலைக்கு உதவாத அடிமைகளை அங்கிருந்து கடலில் தள்ளினர் என்பது வாய்மொழி மரபு. பெயரிலிருந்து கதை பிறந்ததா, கதையிலிருந்து பெயரா என்பது எளிதில் துணியக்கூடியதன்று.

பரோயே ஏரிகளில் 'நிக்கூர்' என்னும் நீர்க்குதிரை உறைவதாக நம்பிக்கை உண்டு. அழகிய குதிரையாகக் கரையேறும் அது, தன்மேல் ஏறுவோரை நீருக்குள் இழுத்துச் செல்லும். அதன் பெயரைச் சொன்னால் வலிமை இழந்து ஏரிக்குத் திரும்பும்.

ஒரு கதையில், சிறுவர் சிலர் குதிரைமேல் ஏறிக்கொள்கின்றனர். ஏற முடியாத இளையவன், தன்னையும் ஏற்றிவிடுமாறு அண்ணன் நிக்லாசை அழைக்கின்றான். மழலை நாவில் அப்பெயர் 'நீக்கா' எனச் சிதைகின்றது. தன் பெயரே அழைக்கப்பட்டதாக எண்ணிய நிக்கூர் மறைய, அனைவரும் பிழைக்கின்றனர்.

குழந்தைகளை நீர்நிலையிலிருந்து விலக்கவே இத்தகைய கதைகள் தோன்றின என்பது வழக்கமான விளக்கம். இக்கதைக்கு அது போதாது. அச்சுறுத்துவது மட்டுமே நோக்கமாயின் சிறுவர்கள் மூழ்கியிருக்க வேண்டும். இங்கே காப்பது எச்சரிக்கையோ அறிவோ அன்று, திருந்தாத பேச்சு. சொல்லின் ஆற்றல், சொல்பவனின் கருத்தைச் சாராமல் ஒலியிலேயே தங்கியுள்ளது.

நிக்கூரை அடக்க மற்றொரு வழியும் கூறப்படும்: அதன் வாலில் சிலுவைக்குறி இடுதல். கிறித்தவம் பரவிய பின் சேர்ந்த கூறு இது எனலாம். அவ்வாறு அடக்கிய குதிரையைக் கொண்டு பெரும்பாறைகளை இழுக்கச் செய்தனர் என்றும், பாறையின் பாரத்தால் வால் அறுந்து அது நீரில் மறைந்தது என்றும் கதை முடிகின்றது.