ஒண்ணாம் வகுப்புல வாய் திறக்காத பிள்ளை

ஸ்கூல் பிள்ளைங்க மனநலம் பத்திப் பேசச் சொல்லி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. மனநலம்னா நமக்கு உடனே ஞாபகம் வர்றது பரீட்சை பயம், நீட், கவுன்சலிங். நான் இன்னைக்கு அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி போறேன். ஒண்ணாம் வகுப்பு, ஆறு வயசு.

இடம் ஒடுகத்தூர். வேலூர் மாவட்டம், அணைக்கட்டு தாலுகா. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பேர் போன ஊர். ஊருக்குப் பின்னாடி ஜவ்வாது மலை. பீஞ்சமந்தை, பலாம்பட்டு, ஜார்தான்கொல்லைன்னு மலைமேலயே மூணு ஊராட்சிகள் இருக்கு. அப்படியே அந்தப் பக்கம் போனா ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, அதாவது டேனரியும் ஷூ கம்பெனியும். சின்ன வட்டாரம்தான். ஆனா மலைத் தமிழ், கீழ்நாட்டுத் தமிழ், தக்கினி உருது, கொஞ்சம் தெலுங்குன்னு இத்தனை வீட்டுப் பேச்சு இங்க இருக்கு.

மலையில வாழறவங்க மலையாளி பழங்குடியினர். பேரைப் பார்த்து கேரளான்னு நினைச்சுடாதீங்க, அதுக்கும் இவங்களுக்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்துல இருந்து மலையேறி வந்தவங்கன்னு இவங்களுக்குள்ள ஒரு வாய்மொழிக் கதை உண்டு. பேசறது தமிழ்தான். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் ஏறக்குறைய 7.95 லட்சம் பேர், அதில் மலையாளிகள் மட்டும் சுமார் 3.58 லட்சம். மாநிலத்தின் எழுத்தறிவு 80 சதவீதமா இருந்தப்போ பழங்குடியினர் எழுத்தறிவு 54 சதவீதம். இந்த 26 சதவீத இடைவெளிக்கு வறுமை, தூரம், சாலைன்னு பல காரணங்கள் இருக்கு. 2023 மே மாசம் அல்லேரி மலையில பாம்பு கடிச்ச ஒன்றரை வயசுக் குழந்தை இறந்துபோச்சு. சாலை இல்லாததால ஆம்புலன்ஸ் பாதியிலேயே இறக்கிவிட, உடலைத் தாய் தூக்கிக்கிட்டு நடந்த செய்தி உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அதுவும் இதே தாலுகாதான். இப்படிப்பட்ட ஊர்ப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்னா பல நேரம் உண்டு உறைவிடப் பள்ளிதான். அம்மாவை விட்டு, ராத்திரியும் அங்கேயே.

ஆனா நான் பேச வந்தது இந்தக் காரணங்கள்ல கண்ணுக்கே தெரியாத ஒண்ணைப் பத்தி. அது வகுப்புக்குள்ள நடக்குது.

டீச்சர் ஏதோ கேக்கறாங்க. பிள்ளை பேசாம நிக்குது. ரெண்டு தடவை, மூணு தடவை. அப்புறம் அந்தப் பிள்ளைக்கு ஒரு பேர் வந்துடும்: 'மந்தம்'. கடைசி வரிசைக்குப் போயிடும். கேள்வியும் வராது.

இந்த மௌனம் ஒரே வகை இல்லை. வீட்ல தக்கினி மட்டுமே பேசற பிள்ளை தமிழ் வழி வகுப்புல உக்காந்தா, அதுக்குக் கேள்வியே முழுசாப் புரியலை. காதால கேட்டுச் சேத்து வைக்குது. புது மொழிக்குள்ள போற பல குழந்தைகளும் கொஞ்ச காலம் இப்படி இருக்கும். உள்ள வேலை நடந்துட்டுதான் இருக்கு. கனடா கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் 1979ல ஒரு வித்தியாசத்தைச் சொன்னார். விளையாட்டு மைதானத்துல பேசற மொழி வேற, பாடம் புரிஞ்சுக்கற மொழி வேற. முதலாவதுக்கு ஏறக்குறைய ரெண்டு வருஷம் போதும், ரெண்டாவதுக்கு அஞ்சுல இருந்து ஏழு வருஷம்கூட ஆகும். அதனாலதான் "நல்லாத்தானே பேசறான், கணக்கு மட்டும் ஏன் வரலை"ங்கற குழப்பம் வருது. கணக்குல வர்ற வாக்கியம் அவனுக்கு இன்னும் வெளியூர்தான்.

மலைப் பிள்ளையோட மௌனம் வேற. அதுக்குக் கேள்வி புரியுது. பதிலும் தெரியும். வாயைத் திறந்தா மலைப் பேச்சு வரும், கீழ்நாட்டுப் பிள்ளைங்க சிரிப்பாங்க, டீச்சரும் கூடச் சேர்ந்து சிரிச்சுட்டே திருத்துவாங்க. ஒரு தடவை போதும். எனக்கு இந்த ரெண்டாவது வகைதான் அதிகம் கஷ்டமா இருக்கு. ஏன்னா இதுக்குப் புத்தகம், பட்ஜெட், மொழிபெயர்ப்பு எதுவும் தேவையில்லை. சிரிக்காம இருந்தாலே பாதி சரியாயிடும்.

சட்டம் இதைப் பத்தி என்ன சொல்லுதுன்னா, ஆச்சரியமா, நல்லாவே சொல்லுது. 1956ல அரசியலமைப்புல சேர்த்த 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யச் சொல்லுது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, முடிந்தவரை தாய்மொழியில் கற்பிக்கணும், பிள்ளையைப் பயத்துல இருந்தும் பதற்றத்துல இருந்தும் விடுவிக்கணும்னு சொல்லுது. மொழியையும் பயத்தையும் ஒரே பிரிவுக்குள்ள வெச்சவங்களுக்கு வகுப்பறை தெரிஞ்சிருக்கு.

தமிழ்நாட்டுல 2006ல தமிழ் கற்றல் சட்டம் வந்துச்சு. உருது, தெலுங்கு வழிப் பிள்ளைங்களும் தமிழ் படிக்கணும். என் கருத்து, படிக்கணும்தான். ஆம்பூர்ல பொறந்த பிள்ளைக்குத் தமிழ் எழுதத் தெரியலைன்னா நஷ்டம் அந்தப் பிள்ளைக்குத்தான். ஆனா பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுல இருந்து விலக்கு கேட்டு நீதிமன்றம் போற அளவுக்கு விஷயம் முத்தி, 2023லகூட உச்ச நீதிமன்றம் ஒரு வருஷ விலக்கு கொடுத்துச்சு. ஒண்ணாம் வகுப்புல பொறுமையாச் சொல்லித்தர வேண்டியதை விட்டுட்டு, பத்தாம் வகுப்புல சண்டை போட்டுட்டு இருக்கோம்.

மொழியை விட்டுட்டு இன்னொரு கேள்விக்கு வர்றேன். "உங்க அப்பா என்ன வேலை செய்யறார்?" சாதாரணமாத் தெரியுதா? தோல் பதப்படுத்தற வட்டாரத்துல பல இடங்கள்ல வேலையைச் சொன்னா சாதியைச் சொன்ன மாதிரி. மலைப் பிள்ளைக்கு வேற மாதிரி. 2015 ஏப்ரல்ல சேஷாசலம் காட்டுல ஆந்திர போலீஸ் சுட்டு 20 பேர் செத்தாங்க, அதில் ஜவ்வாது மலைக்காரங்களும் இருந்தாங்க. அதுல இருந்து மலைன்னாலே செம்மரம்னு ஒரு பார்வை. அந்தக் கேள்வியை நாப்பது பேர் முன்னாடி கேட்டா, ஆறு வயசுப் பிள்ளை என்ன சொல்லும்?

நாங்குநேரி சம்பவத்துக்கு அப்புறம் அரசு அமைச்ச நீதிபதி சந்துரு குழு 2024 ஜூன்ல அறிக்கை கொடுத்துச்சு. வருகைப் பதிவேட்டுல சாதி விவரம் கூடாது, பிள்ளைங்களை அகரவரிசைப்படி உக்கார வைக்கணும்னு அதில் இருக்கு. பதிவேடு, பெஞ்சு மாதிரி சின்ன விஷயங்கள்தான். பிள்ளைக்கு அதுதான் உலகம்.

சாப்பாடும் அப்படித்தான். 2023 ஆகஸ்ட் 25ல காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் விரிஞ்சுது. அடுத்த மாசமே கரூர் மாவட்டம் வேலன்செட்டியூர்ல பட்டியல் சமூகப் பெண் சமைக்கறாங்கன்னு சில பெற்றோர் பிள்ளைங்களைச் சாப்பிட விடலை. கலெக்டர் நேர்ல போய் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டார். உப்புமாவுல சாதி இருக்குன்னு எந்தப் பிள்ளையும் தானாக் கண்டுபிடிக்காது.

சரி, எங்கயாவது ஒழுங்கா நடந்திருக்கா? நீலகிரி கூடலூர்ல வித்யோதயா பள்ளி இருக்கு. பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர் பிள்ளைங்க படிக்கறாங்க, பாடம் எடுக்கறவங்களும் அந்தச் சமூகங்கள்ல இருந்து பயிற்சி பெற்று வந்தவங்க. டீச்சரே தன் ஆளா இருந்தா, பேச்சைக் கேட்டுச் சிரிக்க யாரும் இல்லை. ஒடிசாவுல 2006ல பத்துப் பழங்குடி மொழிகள்ல தொடங்கின திட்டம் அப்புறம் 21 மொழிக்கு வளர்ந்துச்சு. முதல் சில வருஷம் வீட்டு மொழி, அதுல இருந்து படிப்படியா ஒடியா, ஆங்கிலம்.

உங்கள்ல நிறைய பேர் வார இறுதியில தன்னார்வலரா வகுப்பு எடுக்கப் போறீங்க. அப்பா வேலையைக் கேக்காதீங்க. ஒரு படத்தைக் காட்டி, இதுக்கு உங்க வீட்ல என்ன சொல்வீங்கன்னு கேளுங்க. சாமை, புளியங்காய், ஆட்டுக்குட்டி, எதுவா இருந்தாலும். எந்த மொழியில வந்தாலும் பலகையில எழுதிடுங்க, தமிழ் எழுத்துலயே. பக்கத்துல பாடப் புத்தகத்துச் சொல். பதில் வரலைன்னா அடுத்த பிள்ளைகிட்டப் போங்க, நாளைக்குத் திரும்ப வாங்க.

உங்க வீட்ல பேசி, ஸ்கூல்ல சிரிச்சுத் திருத்தின சொல் ஏதாவது இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோடுல போடறேன்.