துப்பாக்கியின் படுக்கை

துப்பாக்கி என்றவுடன் நம்மில் பெரும்பாலோருக்கு இரும்புதான் ஞாபகத்துக்கு வருகிறது. குழலும் தாழும் விசையும் இரும்பு. அவற்றைத் தாங்கி நிற்கும் மரக்கட்டையோ, கைக்குப் பிடியாகவும் தோளுக்கு அணையாகவும் இருக்கும் ஓர் உபகரணம் என்று எண்ணி விட்டுவிடுகிறோம். ஆனால் பட்டாளத்து ஆயுதக் கம்மியரிடம் ஒரு ரைபிளைக் கொண்டுபோய், "குழல் நன்றாயிருக்கிறது, தோட்டா புதியது, சுடுகிறவனும் கெட்டிக்காரன், இருந்தும் குண்டுகள் சிதறுகின்றன" என்று முறையிட்டால், அவர் குழலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்தபடியாகத் திருகுளியை எடுத்து மரத்தைத்தான் கழற்றுவார்.

நம் தேசத்துக்கு மிகவும் பழக்கமான ரைபிள் ஒன்றை வைத்துக்கொண்டே இந்த விஷயத்தைப் பார்க்கலாம். "த்ரீ நாட் த்ரீ" என்று போலீஸ் காவலர்கள் தோளில் சுமந்து நாம் பார்த்த லீ-என்பீல்டு ரைபிள்தான் அது. கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி நதிக்கரையில், 1904-ஆம் வருஷம் ஏற்பட்ட ஈஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் அதை நம்மவர்களே செய்தார்கள். 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் கீழ், செய்த கைகள் அனுமதிச் சீட்டின்றி ஒரு துப்பாக்கியைத் தொட்டு வைத்துக்கொள்ள முடியாது என்பது அக்காலத்து வேடிக்கைகளில் ஒன்று. இரண்டு உலக யுத்தங்களிலும் இந்திய சிப்பாய்கள் அதைச் சுமந்தார்கள். 1962-ல் சீனப் படையை இமயத்துப் பனியில் எதிர்த்தபோதும் பெரும்பாலோர் கையில் இருந்தது அந்த ரைபிள்தான். உத்தரப் பிரதேசத்துப் போலீஸார் அதற்கு விடை கொடுத்தது 2020-ஆம் வருஷம் குடியரசு தினத்தன்று.

இந்த ரைபிளுக்குக் கட்டை இரண்டு துண்டு. தோளில் பதியும் பின்கட்டை தனி. குழலின் அடியில் ஓடும் முன்கட்டை தனி. நடுவில் இரும்பு உடல். 25 அங்குல நீளமுள்ள மெல்லிய குழலை ஏறக்குறைய நுனிவரை மரம் மூடிக்கொண்டிருக்கும். சங்கடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. மழைக்காலத்தில் நம் வீட்டுக் கதவு நிலையில் இறுகிக்கொண்டு திறக்க மறுப்பதையும், சித்திரை வெயிலில் அதே கதவு கடகடவென்று ஆடுவதையும் யார்தான் அறியாதவர்கள்? வெட்டி எத்தனை வருஷமானாலும் மரம் ஈரத்தை வாங்கும், விடும். பெருக்கும், சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். கதவு முறுக்கிக்கொண்டால் தச்சரைக் கூப்பிடுகிறோம். முன்கட்டை முறுக்கிக்கொண்டால் அது குழலை ஒரு பக்கமாக நெட்டித் தள்ளுகிறது.

எவ்வளவு தள்ளிவிடும் என்று கேட்கலாம். உடலின் மேல் தூரதிருஷ்டிக் கண்ணாடி பொருத்திய ஒரு ரைபிளில், குழலின் நுனி அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு ஒதுங்கினால், 600 கஜத்தில் குண்டு 8 அங்குலத்துக்கு மேல் விலகிப்போகும். இன்று அப்படி ஒதுங்கி நாளையும் அதே அளவு ஒதுங்குமானால் பாதகமில்லை. குறியைத் திருத்திக்கொண்டு சுடலாம். மரமோ காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி உடையது. போதாததற்கு, பத்துத் தோட்டா சுட்டவுடன் குழல் சூடேறி நீள்கிறது; முன்பு தொடாத இடத்தில் மரத்தைத் தொடுகிறது. மேலும், வெடித்த கணத்தில் குழல் தம்புராவின் தந்தியைப்போல் அதிர்கிறது. குண்டு குழலைவிட்டு வெளியேற விநாடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் ஆகும் என்றாலும், அதற்குள் அந்த அதிர்வு தன் வேலையைச் செய்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர்ந்தால் குண்டுகள் ஒரே இடத்தில் போய் விழும். மரம் இங்கொரு முறை அங்கொரு முறை என்று தொட்டால், சுடுகிறவன் எவ்வளவு சமர்த்தனானாலும் பயனில்லை. குறி தவறியதற்காக மேலதிகாரியிடம் வசவு வாங்கிய சிப்பாய்களில் எத்தனை பேர் மரம் செய்த குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்தார்களோ!

ஆகவே இரும்பை மரத்தில் சரியாகப் படிய வைப்பது ஒரு தனிக் கலையாயிற்று. லீ-என்பீல்டில் இதற்கு உயிர்நிலையான இடம் முன்கட்டையின் பின்முனை. அங்கே இரண்டு சிறு மர முகங்கள் உண்டு. சுடும்போது உடல் பின்னோக்கி உதைக்கிற உதையை அந்த இரண்டு முகங்களும் சமமாக வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்று வாங்கி மற்றொன்று வாங்காவிட்டால் ரைபிள் ஒவ்வொரு வெடிக்கும் கோணலாகத் திரும்பும். நாளடைவில் முன்கட்டை பிளந்தும் போகும். இதைச் சரி செய்யக் கம்மியர் கையாண்ட முறை மிகவும் எளிது. விளக்குப் புகையை எண்ணெயில் குழைத்து இரும்பின் மேல் மெல்லியதாகப் பூசுவார். உடலை மரத்தில் அழுத்திப் பொருத்தி மறுபடி எடுப்பார். மை ஒட்டிய இடம் மேடு. அதை உளியால் ஒரு சீவல், நகத்தளவுகூட இல்லாத சீவல், எடுத்துவிட்டு மறுபடி மை, மறுபடி அழுத்தல். இப்படி இருபது, முப்பது தடவை. தேய்ந்துபோன முகத்துக்குக் கடினமான மரத்துண்டு ஒன்றை ஒட்டி, அதையும் இவ்விதமே செதுக்குவார். இவ்வளவும் முடிந்த பிறகு கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் ஊட்டுவார், இனி ஈரம் எளிதில் ஏறாமலிருக்க.

குழலின் நுனியிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. 1907-ல் வந்த மாதிரியில் நுனிக்குச் சற்றுப் பின்னால், மூக்குக் கவசத்துக்குள், சிறு சுருள்வில்லின் மேல் நிற்கும் ஒரு குமிழ் குழலை அடியிலிருந்து தாங்கும். பின்னால் வந்த நான்காம் எண் ரைபிளில் வில் இல்லை. முன்கட்டையே நாலைந்து ராத்தல் விசையுடன் குழலை மேல்நோக்கி ஏந்தும்படி செதுக்கப்பட்டது. அந்த மெல்லிய குழலைச் சும்மா விட்டுவிடுவதைக்காட்டிலும் ஒரே சீரான தாங்கலில் வைப்பது மேல் என்பதே அதன் கருத்து. இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. சற்று மெதுவாகப் புறப்படும் குண்டு, அதிர்கிற குழல் கொஞ்சம் மேலே தூக்கியிருக்கும் சமயத்தில் வெளியேறும். ஆகையால் வெகு தூரத்தில், கிட்டத்தட்ட 1,000 கஜத்தில், வேகமான குண்டும் மெதுவான குண்டும் ஒரே மட்டத்தில் போய்ச் சேரும். அருகில் சுமாராகச் சுடும் ரைபிள் தூரத்தில் நன்றாகச் சுடுகிறதே என்று இங்கிலாந்தில் பிஸ்லி மைதானத்துப் போட்டிக்காரர்கள் வியந்ததற்குக் காரணம் இதுதான்.

இந்த வேலைக்கு எவ்வளவு மதிப்பிருந்தது என்பதை இரண்டாவது யுத்தம் காட்டியது. மறைந்திருந்து சுடும் வீரர்களுக்கான ரைபிள்களைத் தயாரிக்கும் பொறுப்பு 1942-ல் லண்டனில் உள்ள ஹாலண்ட் அண்டு ஹாலண்ட் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டது. பிரபுக்களுக்கும் நம் மகாராஜாக்களுக்கும் வேட்டைத் துப்பாக்கி செய்து பெயர் பெற்றவர்கள் அவர்கள். தொழிற்சாலைச் சோதனையில் நன்றாகச் சுட்ட நான்காம் எண் ரைபிள்களைப் பொறுக்கியெடுத்து அவர்களிடம் அனுப்பினார்கள். அவர்கள் புதுக் குழல் போடவில்லை. தூரதிருஷ்டிக் கண்ணாடிக்கு இருக்கை பொருத்தினார்கள். கன்னத்துக்கு அணைகட்டை வைத்தார்கள். முன்கட்டையை மிகுந்த சிரத்தையுடன் படிய வைத்தார்கள். யுத்தம் முடிவதற்குள் 26,000-க்கு மேற்பட்ட ரைபிள்கள் இவ்வாறு அவர்கள் கையிலிருந்து வெளிவந்தன.

மற்ற இடங்களிலும் மரத்தோடு மல்லுக்கட்டினார்கள். ஆஸ்திரேலியாவில் லித்கோ தொழிற்சாலை உள்நாட்டு மரத்தை உபயோகித்தது. அது மென்மையாக இருந்தமையால் மேற்சொன்ன இரண்டு முகங்களிலும் செப்புத் தகடு பதித்தார்கள். ஈஷாப்பூரில் முன்கட்டை பிளவாமலிருக்கக் குறுக்கே ஒரு திருகாணியைச் செலுத்தினார்கள். இன்றைக்கும் பழைய ரைபிள் சேகரிப்பவர்கள் அந்தத் திருகாணியைக் கண்டதும் ஈஷாப்பூரின் கைவண்ணம் என்று அடையாளம் சொல்லுகிறார்கள்.

இக்காலத்து வேட்டை ரைபிள்களிலும் பந்தய ரைபிள்களிலும் உளியின் வேலையைப் பெரும்பாலும் பசை எடுத்துக்கொண்டது. 1940-களில் ஸ்விட்ஸர்லாந்திலிருந்து வெளிவந்து, உடைந்த சாமான்களை ஒட்ட நம் வீடுகளிலும் புழங்கும் அரால்டைட் இனத்தைச் சேர்ந்த இரட்டைப் பசைதான் அது. மரத்தை உட்புறம் சிறிது குடைந்தெடுத்து, பசையை நிரப்பி, மெழுகு பூசிய இரும்பை அதில் அமிழ்த்தி ஒரு நாள் அசையாமல் விட்டால், இரும்பின் ஒவ்வொரு வளைவும் அச்செடுத்தாற்போல் பதிந்துவிடும். வீணைக்கு மேளம் கட்டுகிறவர் மெழுகின் மேல் மெட்டுகளை அழுத்தி உட்கார வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. உதையை வாங்குவதற்கென்று உடலின் அடியில் அமைந்த பல்லில், பின்முகம் மட்டுமே பசையில் அழுந்த வேண்டும். முன்னும் பக்கமும் அடியும் சற்று விலகி நிற்பதற்காக அங்கெல்லாம் ஒட்டுநாடா சுற்றுவார்கள். மெழுகு பூசாமல் அவசரப்பட்டவர்களுடைய ரைபிள் மரமும் இரும்பும் ஒன்றாகி, பிறகு எதுவுமே கழற்ற முடியாத அத்வைத நிலையை அடைந்துவிடும்!

திருகுகளைச் சுற்றி மரம் நசுங்காமலிருக்க இப்போது அலுமினியத் தூண்கள் வைப்பதைப் பெரிய புதுமையாகப் பேசுகிறார்கள். பழைய லீ-என்பீல்டின் முன் திருகைச் சுற்றிச் சிறு இரும்புக் குழாய் ஒன்று உண்டு. அதன் உத்தியோகமும் அதுவேதான். பல ரைபிள்களில் யாரோ கழற்றித் தொலைத்துவிட்டிருப்பார்கள். அப்படித் தொலைந்த ரைபிள் மரம் நசுங்க நசுங்க நாளுக்கொரு விதமாய்ச் சுடும்.

தடித்த குழலுள்ள இக்கால ரைபிள்களில் மரம் குழலைத் தொடவே கூடாது என்பது விதி. ஒரு துண்டுக் காகிதம் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே தடையின்றி ஓட வேண்டும். அந்த விதியை அப்படியே எடுத்துப் பழைய லீ-என்பீல்டின் மெல்லிய குழலுக்கு வைத்து, நுனித் தாங்கலைச் செதுக்கி எறிந்தவர்கள் பலர். தாங்கலுக்கென்றே அமைந்த குழலை இப்படி அந்தரத்தில் விடுவது சரியல்ல என்பதே என் அபிப்பிராயம். எல்லாப் பழியையும் மரத்தின் தலையில் சுமத்துவதும் நியாயமாகாது. காடுகளில் சண்டையிடுவதற்காக 1944-ல் செய்த ஐந்தாம் எண் குறுங்குழல் ரைபிளுக்குக் குறி நிலையாக நிற்பதில்லை என்ற புகார் கடைசிவரை தீரவில்லை. எடையைக் குறைப்பதற்காக இரும்பையே செதுக்கி மெலிய வைத்திருந்தார்கள். 1947-ல் அதன் உற்பத்தி நின்றது.

படுக்கை சரிதானா என்று அறியச் சுட்டுத்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. குழலையும் முன்கட்டையையும் நுனியருகே ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் திருகை மெல்லத் தளர்த்த வேண்டும். நல்ல படுக்கையானால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. இரும்பு எகிறினாலோ நழுவினாலோ, அதுவரை திருகு அதை வளைத்துப் பிடித்திருந்தது என்று அர்த்தம். 1907-ஆம் வருஷத்து மாதிரியில் ஒரு ஜாக்கிரதை: முன்கட்டையை முதலில் கழற்றாமல் பின்கட்டையின் நீண்ட திருகைத் திருப்பக் கூடாது. அதன் சதுர முனை முன்கட்டையில் உள்ள ஒரு தகட்டுக்குள் நுழைந்திருக்கும். திருப்பினால் முன்கட்டை பின்முனையிலேயே பிளந்துவிடும். இருபது, முப்பது தடவை மை பூசிச் செதுக்கிய அந்த இரண்டு முகங்களும் இருப்பது அங்கேதான்.